ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் நின்றால் சூடாகிறது: ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது, ஏசி காற்று வெதுவெதுப்பாகிறது, மறுபடி வண்டி நகர்ந்த இரண்டு மூன்று நிமிடத்தில் முள் தானாக இறங்கிவிடுகிறது. இதுதான் புகார். வண்டி என் தங்கை கணவருடையது. 11 வருடப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், ஏறக்குறைய 1,20,000 கிலோமீட்டர் ஓடியது, ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு வேகத்தில் சுற்றும் ஒரே ஒரு மின் ஃபேன்.

என்னிடம் வருவதற்கு முன் இதற்கு நிறைய வேலை நடந்திருந்தது. ரேடியேட்டரை உள்ளே கழுவியிருக்கிறார்கள், மூடியை மாற்றியிருக்கிறார்கள், அதிலும் சரியாகவில்லை என்று தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்து வாட்டர் பம்ப், அதிலும் தீராவிட்டால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) என்று சொல்லியிருந்தார்கள். ஹெட்டைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை, அதனால்தான் எனக்கு போன் வந்தது. "ஃபேனைப் பார்த்தீர்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "ஃபேன்தான் ஓடுதே மச்சான், நானே பானெட்டைத் திறந்து பார்த்தேன், நல்லாச் சுத்துது" என்றார். இதே பதிலைத்தான் இதற்கு முன் பார்த்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதை நம்பினேன், அந்த நம்பிக்கையில் ஒரு முழு நாள் வேறு பக்கம் போனது.

முதலில் வண்டியை அது இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தேன். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜினில் எந்த அளவை எடுத்தாலும் அதை எதனோடும் ஒப்பிட முடியாது. இன்னொன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு குறையும் என்பது பலர் நினைப்பது போல அவ்வளவு நேரானது இல்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும், அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நின்றால் சூடாகும் வண்டி அப்போதும் நின்றால் சூடாகத்தான் செய்யும், நீண்ட சாலையில் மட்டும் தேவைக்குக் கீழே குளிர்ந்து பெட்ரோலை அதிகம் குடிக்கும். இந்த வண்டியிலும் அதுதான் நடந்தது. ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபோது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், வெறும் 70 டிகிரி. அதில் ஒரு பயனுள்ள செய்தி இருந்தது: காற்று தாராளமாக வந்தால் இந்த ரேடியேட்டர் சூட்டை நன்றாகவே இறக்குகிறது.

புது தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். 82 என்று பொறித்திருந்தது, 83 வாக்கில் வாய் லேசாக விலகியது, 95க்குள் முழுதும் திறந்தது. சரி. அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஊற்றினேன். வெறும் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை 107 வாக்கில். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும்போது தண்ணீர் 120 வரையும், கலவை 125க்கு மேலும் தாங்கும். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் கலவையில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள், அதை நாய் பூனை குடித்துவிடும், எத்திலீன் கிளைகால் அவற்றைக் கொன்றுவிடும்.

ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த இன்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, குமிழ்கள் நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருந்தேன். மேல் ஹோஸைப் பிசைந்தால் இன்னும் கொஞ்சம் குமிழ் வரும். உள்ளே காற்று பிடித்திருந்தாலும் நின்றால் சூடாகும் என்பதால் இதில் அவசரப்படவில்லை.

ஹெட் கேஸ்கெட் பயத்தையும் அன்றே தீர்த்துக்கொண்டேன். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதற்குள் நீல நிறத் திரவம் ஊற்றி, கூலன்ட்டுக்கு மேலே இருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுக்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கசிந்து வந்தால் அதில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டு நீலம் மஞ்சளாகிவிடும். பதினைந்து நிமிடம் இழுத்தேன், நீலம் நீலமாகவே இருந்தது. தவிர, கேஸ்கெட் போன வண்டி பெரும்பாலும் மேட்டில் ஏறும்போதும் வேகமாக ஓட்டும்போதும்தான் அதிகம் சூடாகும். இங்கே நடந்தது நேர் எதிர்.

இப்போது கோளாறை என் கண்ணால் பார்க்க வேண்டும். டாஷ்போர்டு முள்ளை நான் நம்புவதில்லை. பல கார்களில் அந்த முள் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை, ஓட்டுபவர் சும்மா சும்மா பயப்படக் கூடாது என்று அதை ஒரு பெரிய இடைவெளிக்குள் நடுவிலேயே நிற்க வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் ஸ்கேனரையும் முள்ளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்: 78லிருந்து 107 வரை முள் இம்மியும் அசையவில்லை, 108ல் சட்டென்று மேலே போனது. "இப்போதான் ஏற ஆரம்பிக்குது" என்று நாம் நினைக்கும் நேரத்தில் இன்ஜின் கால் மணி நேரமாகவே சூட்டில் இருந்திருக்கும்.

நல்ல வெயில் நேரத்தில் சோதித்தேன். ஓட்டத்தில் 88, 89. நிறுத்தி ஏசி இல்லாமல் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓட விட்டேன். நான்காவது நிமிடம் 95, 98ல் ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) "டக்" என்றது, ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நல்ல வண்டியாக இருந்தால் இங்கிருந்து சூடு இறங்கி 93 வாக்கில் ஃபேன் நின்றிருக்க வேண்டும். இங்கே ஃபேன் சுற்றச் சுற்ற 101, 103. 105ல் இரண்டாவது ரிலே விழுந்து பெரிய வேகத்துக்கு மாறியது, அதற்குப் பிறகு 106லும் 107லும் ஊசலாடிக்கொண்டே இருந்தது. ஏசியைப் போட்டதும் 110ஐத் தொட்டது, உடனே ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏசி கம்ப்ரசரைத் துண்டித்தது. ஏசி காற்று வெதுவெதுப்பானதற்குக் காரணம் இதுதான், ஏசியில் கேஸ் குறைவு இல்லை.

அந்த நேரத்தில் நான் வாட்டர் பம்பைத்தான் சந்தேகப்பட்டேன். ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும், உள்ளே இருக்கும் சக்கரத்தின் இதழ்கள் அரித்துப்போயிருந்தாலோ தண்டில் வழுக்கினாலோ ஓட்டம் போதாமல் போகும். அதற்கு எளிய சோதனை, நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுத்து நிமிடத்துக்கு 2,000 சுற்றில் பிடிப்பது. பம்ப் பலவீனமாக இருந்தால் தண்ணீர் ஓட்டம் கூடிச் சூடு இறங்க ஆரம்பிக்கும். மூன்று நிமிடம் பிடித்தேன். 107லிருந்து ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் கொதித்தன. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் மேலே 101, கீழே 96. அதாவது தண்ணீர் ரேடியேட்டருக்குள் நன்றாகவே போய்வருகிறது, ஆனால் போன சூட்டோடு திரும்பி வருகிறது.

வீட்டில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெடஸ்டல் ஃபேன் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து காரின் மூக்குக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் வைத்து முழு வேகத்தில் போட்டேன். ஸ்கேனரை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். 106, 104, 101. நாலு நிமிடத்தில் 96. பெடஸ்டல் ஃபேனை நிறுத்தினேன், மறுபடி ஏற ஆரம்பித்தது. திரும்பப் போட்டேன், இறங்கியது. இரண்டு முறை செய்தோம், இரண்டு முறையும் அப்படியே. தண்ணீர் பக்கம் இருக்கும் எல்லாமே, பம்ப், தெர்மோஸ்டாட், உள் அடைப்பு, உள்ளே பிடித்த காற்று, கேஸ்கெட், ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விலகின. குறைவது காற்று. ஒரு வீட்டு விசிறியால் தீர்வதை வண்டியின் சொந்த ஃபேனால் ஏன் தீர்க்க முடியவில்லை?

ஃபேன் ஓடுகிறது, உண்மைதான். ஆனால் ஓடும் ஃபேனைப் பார்த்து அது எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று கண்ணால் சொல்லவே முடியாது. முழு வேகத்தில் சுற்றினாலும் முக்கால் வேகத்தில் சுற்றினாலும் நம் கண்ணுக்கு ஒரே வட்டம்தான். ஒரு தாளை எடுத்து கிரில்லின் முன்னால் வைத்துப் பார்த்தேன். பெரிய வேகத்தில் ஃபேன் ஓடும்போது தாள் பச்சென்று ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேல் பாதியில் சோம்பலாக ஒட்டியது, கீழ்ப் பாதியில் வழுக்கி விழுந்தது. இது அளவீடு இல்லை, ஆனால் திசை காட்டியது.

மல்டிமீட்டரை எடுத்தேன். (ஃபேன் பக்கம் வேலை செய்யும்போது கை, சட்டை, வயர் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, அழுத்தம் விட்ட அடுத்த நொடி உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும்.) ஃபேன் பெரிய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரின் பின்பக்கமாக ஊசியைச் செருகி அளந்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட், ஃபேனில் 10.2 வோல்ட். 3.9 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. நல்ல வயரிங்கில் மொத்த இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. வோல்ட்டேஜ் கால் பங்குக்கு மேல் குறைந்தால் ஃபேனின் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவில் விழும், வேகத்தோடு காற்றும் விழும்.

எங்கே காணாமல் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க வோல்ட்டேஜ் டிராப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மீட்டரின் ஒரு ஊசி பேட்டரி பிளஸில், மற்றொன்று ஃபேனின் பிளஸில்: 1.2 வோல்ட். ஒரு ஊசி பேட்டரி மைனஸில், மற்றொன்று ஃபேனின் மைனஸில்: 2.7 வோல்ட். ஆக, பெரிய திருடன் எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில்.

எனக்கு முன் பார்த்தவர்களில் ஒருவர் எர்த்தை ஓம் மீட்டரில் பார்த்து "0.2 ஓம்தான், நல்லாயிருக்கு" என்று சொன்னாராம். அவரைக் குறை சொல்ல முடியாது, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே பல மீட்டர்கள் 0.2 காட்டும். ஆனால் இந்த ஃபேன் 14 ஆம்பியர் இழுக்கிறது, வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன். 14 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.2 ஓம் சின்ன எண் இல்லை, பெருக்கினால் 2.8 வோல்ட். அந்த ஒரு இணைப்பில் மட்டும், அளந்த 2.7 வோல்ட்டின் கணக்கில், 38 வாட் சூடாக வீணாகிறது, ஒரு நல்ல சால்டரிங் அயர்ன் அளவு. மின்சாரம் ஓடாமல் அளந்தால் இது தெரியவே தெரியாது, சுமையோடு ஓடும்போது அளந்தால் ஒளியவே முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

எர்த் வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே, பேட்டரி தட்டின் மறைவில், பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்த இடத்தைக் கையால் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. போல்ட்டை அவிழ்த்தபோது வயர் முனையின் வளையத்தில் பாதி பச்சைப் பொடியாக உதிர்ந்தது, வளையத்துக்குப் பின்னால் இரண்டு அங்குலத்துக்கு வயரின் ரப்பர் தோல் பழுப்பாகி, வளைத்தால் ஒடிந்தது. தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுப்பாக இருந்தது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போனேன், நான்கு அங்குலம் போனது. புது வளையம் போட்டு நெரித்து, பாடியில் பெயின்ட்டையும் துருவையும் உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பிளஸ் பக்கத்து 1.2 வோல்ட்டில் பெரும்பகுதி ரிலேவில் இருந்தது. அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே தொடுமுனைகள் தீய்ந்து குழி விழுந்திருந்தன. இரண்டு ரிலேக்களையும் மாற்றினேன், ஃபேன் கனெக்டரில் ஒரு முனை நிறம் மாறியிருந்ததால் அதையும்.

மறுபடி அளந்தேன். எர்த் பக்கம் 0.1, பிளஸ் பக்கம் 0.3, ஃபேனில் 13.7 வோல்ட். சத்தமே மாறிவிட்டது, முன்பு "ஊம்" என்று இருந்தது இப்போது இரைந்தது. ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டேன்: 98ல் ஃபேன் ஓடியது, 93ல் நின்றது, மறுபடி 98, மறுபடி 93. மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஏசியைப் போட்டேன். இருபது நிமிடத்தில் 104.

முன்பு 110 போன இடத்தில் இப்போது 104 என்றால் போதும் என்று விட்டிருக்கலாம், கோடை உச்சத்தில் மறுபடி இதே கதை வரும். பெரும்பாதிக் கோளாறு தீர்ந்ததும் நிறுத்திவிடுவதால்தான் வண்டிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தாளின் கீழ்ப் பாதி வழுக்கி விழுந்தது நினைவில் இருந்தது. ஃபேன் முழுதாக ஒரே வேகத்தில் சுற்றும்போது மேலே ஒரு மாதிரி கீழே ஒரு மாதிரி இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபேனைக் கவரோடு கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் போய்ப் பார்த்தேன். மேலே வெளிச்சம் துகள் துகளாகத் தெரிந்தது, கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒரே இருட்டு.

முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ஏசி கண்டென்சர் (ஏசி வாயுவின் சூட்டை இறக்கும், ரேடியேட்டர் போன்ற பாகம்), அது சுத்தமாகத்தான் இருந்தது. ரேடியேட்டர் அதற்குப் பின்னால், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கழுவும் கடையில் எத்தனை முறை தண்ணீர் அடித்தாலும் கண்டென்சர்தான் கழுவப்படும், அதன் வழியாக உள்ளே போன தூசி அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துவிடும். ஏசி குழாய்களை அவிழ்க்காமல், கண்டென்சரின் பிடிப்புகளை மட்டும் கழற்றிச் சற்று முன்னே சாய்த்தேன். ரேடியேட்டரின் முகத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது போல ஒரு படலம். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் துண்டாக உரிந்து வந்தது. தூசி, பூச்சிச் சிறகு, பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஒன்றோடொன்று இறுகி, கையில் ஒரு பழைய செருப்பின் உள்தாள் போல இருந்தது. ரேடியேட்டர் உள்ளே கழுவப்பட்டிருந்தது, வெளியே யாரும் பார்க்கவில்லை. ஓடும்போது முன்னாலிருந்து அறையும் காற்று அதிகம், மேல் பகுதி மட்டுமே போதுமானதாக இருந்தது. நின்றால் அந்தச் சலுகை கிடையாது.

மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர், பிறகு ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர். அதிக அழுத்தம் வேண்டாம், அலுமினிய இதழ்கள் மடங்கினால் நாமே ஒரு அடைப்பை உண்டாக்கியது போல ஆகிவிடும்.

அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரேடியேட்டரின் இரு பக்கத்திலும் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் இருந்தது, பட்டையைக் காணோம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியபோது போயிருக்க வேண்டும். அற்பமான பொருளாகத் தெரியும், ஆனால் நின்ற வண்டியில் அதற்குப் பெரிய வேலை. ஃபேன் எளிதான வழியில்தான் காற்றை இழுக்கும். பக்கங்களில் இடைவெளி இருந்தால் இன்ஜின் பக்கம் தள்ளிய சூடான காற்றே அந்த இடுக்கு வழியாக முன்னால் வந்து, மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். அதே சூட்டை வண்டி திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கிறது. ஓட ஆரம்பித்தால் முன்னாலிருந்து வரும் அழுத்தம் இதை நிறுத்திவிடும், அதனால் சாலையில் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. சூடு தாங்கும் ஸ்பாஞ்ச் பட்டையை வெட்டி இரு பக்கமும் மேல் ஓரமும் ஒட்டினேன். பூட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் அதே வெயில் நேரம், அதே இடம். ஏசி முழுக் குளிரில், கண்ணாடிகள் ஏற்றி, நாற்பது நிமிடம் ஐடிலில் விட்டோம். தாள் கிரில்லில் மேலும் கீழும் ஒரே மாதிரி அப்பிக்கொண்டது. கூலன்ட் 94க்கும் 99க்கும் நடுவில் இருந்தது, 100ஐத் தொடவில்லை, பெரிய வேக ரிலே ஒரு முறைகூட விழவில்லை. எர்த் போல்ட்டை நடுவில் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன், பக்கத்துப் பாடித் தகடு எவ்வளவு சூடோ அவ்வளவுதான்.

இந்த வண்டியில் எது எவ்வளவு பங்கு என்று கேட்டால், வயரிங் பாதிக்குக் கொஞ்சம் மேல், மிச்சம் அடைப்பும் ஸ்பாஞ்சும் என்று சொல்வேன். அடைப்பையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் சரி செய்ததால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கவில்லை. மறுபடி செய்வதாக இருந்தால் பெடஸ்டல் ஃபேன் சோதனையை முதல் அரை மணி நேரத்திலேயே செய்வேன், பம்பைப் பற்றி யோசித்த அந்த நாள் மிச்சமாகியிருக்கும்.

இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் நடுவழியில் முள் ஏறினால் செய்ய வேண்டியது: ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போடுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், வியர்க்கும், ஆனால் சில டிகிரி இறக்கிக் கொடுக்கும். அப்படியும் ஏறினால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டுவதில்தான் நிஜமாகவே ஹெட் கேஸ்கெட் போகிறது.

வண்டி போய் ஐந்து வாரம் ஆகிறது. மாப்பிள்ளை ஒரு சின்ன புளூடூத் ஓபிடி கருவி வாங்கி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு நெரிசலிலும் எண்ணைப் படம் எடுத்து அனுப்புகிறார். நேற்று வந்தது முக்கால் மணி நேரம் நின்ற ஒரு ரயில்வே கேட்டில் எடுத்தது, ஏசி ஓட 97.